மின்சாரம் கேட்காத சாவி

பாண்டி பஜாரில் பொருள் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் காரின் கைப்பிடியிலுள்ள சிறு பட்டனைத் தொடுகிறார், கதவு திறந்துகொள்கிறது. சாவி சட்டைப்பையை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு நொடிக்கும் குறைந்த அந்த நேரத்துக்குள் காரும் சாவியும் பேசி முடித்துவிடுகின்றன. பட்டன் அமுங்கியதும் காரிலுள்ள ஆன்டெனாக்கள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. அந்த அதிர்வெண்ணுக்குரிய அலைநீளம் 2.4 கிலோமீட்டர். அவ்வளவு நீளமான அலையை விரல் நீள ஆன்டெனாவால் தொலைவுக்கு அனுப்ப முடியாது. அது எழுப்பும் புலம் காரை ஒட்டியே நின்றுவிடும். தொலைவு இரண்டு மடங்கானால் புலத்தின் வலிமை எட்டில் ஒரு பங்காகக் குறையும். கார்க்காரர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் வந்தால்தான் கதவு திறக்கும் என்ற ஏற்பாடு இந்த இயற்பியலை நம்பித்தான் செய்யப்பட்டது. புலம் எட்டியதும் தூங்கிக்கொண்டிருந்த சாவி விழித்து, காரும் தானும் மட்டுமே அறிந்த ரகசிய எண்ணைக்கொண்டு ஒரு விடையைக் கணக்கிட்டு, பல கார்களில் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதைத் திருப்பி அனுப்புகிறது. கார் அந்த விடையைச் சரிபார்த்து, கதவுக்குள் இருக்கும் சிறு மோட்டாரை ஓடச் சொல்கிறது. மோட்டார் நெம்பைத் தள்ளுகிறது. கேட்பதற்கும் கணக்கிடுவதற்கும் பதில் சொல்வதற்கும் தள்ளுவதற்கும் மின்சாரம் வேண்டும். ஒரு பங்கை காரின் 12 வோல்ட் பேட்டரி தருகிறது, மறு பங்கை சாவிக்குள் இருக்கும் 3 வோல்ட் செல் தருகிறது. ஆக, நாம் ஸ்மார்ட் சாவி என்று சொல்வது இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே காற்றில் நடக்கும் ஓர் ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தம் மூன்று இடங்களில் முறியலாம். முதலாவது, சாவியின் செல். அது பெரும்பாலும் சிஆர்2032 என்னும் காசு வடிவ லித்தியம் செல். பெயரிலேயே அளவு இருக்கிறது, விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சாவி தூங்கும்போது ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்குகளே செலவாகும். பதில் அனுப்பும் நொடியில் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். செல்லுக்கு வயதாக ஆக அதன் உள் மின்தடை கூடும். அதனால் சும்மா இருக்கும்போது மீட்டரில் சரியான வோல்ட் காட்டும் செல், வேலை கொடுத்ததும் படுத்துவிடும். காலையில் திறந்த சாவி மாலையில் திறக்காமல், மறுநாள் மீண்டும் திறப்பதற்குக் காரணம் இதுதான். மயிலாப்பூரின் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்கும் சாவி தொங்கும் ஆணிக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கும். தன் சாவி பக்கத்தில் இருக்கிறதா என்று ஓயாமல் தேடும் வகைக் காராக அது இருந்தால், சாவியைத் தூங்கவிடாது. செல் சீக்கிரம் தீரும். ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் செல்தான், மாற்றுவது ஒரு நிமிட வேலை. (பழைய செல்லைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் போடக் கூடாது. விழுங்கிய செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுவரை அரித்துக் கடும் புண்ணாக்கிவிடும்.)

இரண்டாவது, காற்று. 2019-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் சில தெருக்களில் மட்டும் கார் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் செயலிழந்தன. தேடிப் பார்த்தால், ஒரு வீட்டில் தனக்கென்று செய்துகொண்ட சிறு மின்கருவி ஒன்று அதே அலைவரிசையில் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. செய்தவருக்கே அது தெரியாது. சாவி எழுப்பும் குரல் அவ்வளவு மெல்லியது. அருகில் யாரேனும் தொடர்ந்து பேசினாலே அமுங்கிப்போகும். மூன்றாவது, காரின் பேட்டரி. நம் ஊரில் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். ஈய-அமில பேட்டரி ஒரு வேதிக்கலம். வெப்பம் ஏற ஏற அதற்குள் அரிப்பும் நீரிழப்பும் வேகம் பிடிக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. வெயிலில் நின்ற காரின் பானெட்டுக்கு அடியில் வெப்பம் அதற்கும் மேலே போகும். அத்தோடு, நிறுத்திவைத்த காரும் அலாரத்துக்கும் சாவி ஏற்பிக்கும் கடிகாரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மாதக்கணக்கில் எடுக்காத கார் எழுந்திருக்காமல் போவது இதனால்தான். மின்சாரக் கார்களும் விலக்கல்ல. சக்கரத்தை ஓட்டும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கதவுப் பூட்டுக்கும் கணினிகளுக்கும் மின்சாரம் தருவது தனியாக உள்ள 12 வோல்ட் பேட்டரிதான்.

காரின் பேட்டரி இறங்கிவிட்டால் ஒரு விசித்திரமான வட்டம் உருவாகிறது. பேட்டரி பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. பானெட்டைத் திறக்கும் நெம்பு டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது. டாஷ்போர்டு பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிறது. கதவோ பேட்டரி இருந்தால்தான் திறக்கும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டி போன்ற நிலை. ஜம்ப் ஸ்டார்ட் செய்யக் கேபிளோடு ஆள் வந்து நின்றாலும் அதை மாட்டுவதற்கு இடம் இல்லை. இந்த வட்டத்தை வெளியிலிருந்து அறுக்கும் ஒரே பொருள், அந்த ஸ்மார்ட் சாவியின் வயிற்றுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு உலோகத் தகடு.

பெரும்பாலான ஸ்மார்ட் சாவிகளின் விளிம்பில் ஒரு சின்னப் பட்டனோ நகர்த்தும் தாழோ இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு வளையத்தை இழுத்தால் தகட்டுச் சாவி கழன்று வரும். அதை நுழைக்கும் துளை பழைய கார்களில்போல் கண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டில் ஓட்டுநர் பக்கமான வலது முன்கதவின் கைப்பிடி ஓரத்தில், கைப்பிடியின் நிறத்திலேயே உள்ள ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும். மூடியின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல்போன்ற சந்து உண்டு. பல மாடல்களில் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சாவியின் நுனியை அந்தச் சந்தில் விட்டு மெல்ல நெம்பினால் மூடி கழலும். உள்ளே இருப்பது மெல்லிய தகடுகளால் ஆன பூட்டு. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் வெவ்வேறு உயரத்தில் ஒரு துவாரம். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் உருளைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழையும்போது எல்லாத் தகடுகளும் ஒரே சமயத்தில் உருளையின் விளிம்புக்குள் அடங்குகின்றன, உருளை சுழல்கிறது. ஒரு தகடு துருத்திக்கொண்டிருந்தாலும் சுழலாது. எகிப்தின் பழைய மரப்பூட்டுகளிலும், 1861-இல் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற ஊசிப்பூட்டிலும் இருக்கும் எண்ணமே இதிலும் இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நெம்புகளால் ஆன வேறு இனம் என்றாலும், சரியான வடிவம் மட்டுமே தடைகளை விலக்கும் என்ற விதி அதற்கும் பொது. உருளை சுழன்றதும் அதன் வாலில் கோத்த கம்பியோ கேபிளோ தாழின் நெம்பை நேராக நகர்த்துகிறது. இந்தப் பாதையில் கம்பி உண்டு, மின்கம்பி இல்லை. ஆற்றல் முழுவதும் விரலிலிருந்தே வருகிறது.

கதவு திறந்ததும் அலாரம் அலறலாம். பயப்பட வேண்டியதில்லை, ரேடியோ வழியே அனுமதி வராமல் கதவு திறந்ததால், அந்நியர் நுழைந்துவிட்டதாக கார் எண்ணிக்கொள்கிறது. செல் தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பட்டன்மீது ஒட்டிவைத்து அழுத்தினால் பல கார்களில் எஞ்சின் எழும், அலாரமும் அடங்கும். சில மாடல்களில் அந்த இடம் ஸ்டியரிங் தண்டின் பக்கமாகவோ கப் வைக்கும் குழியாகவோ இருக்கும். செல் இல்லாமல் சாவி எப்படிப் பேசுகிறது என்றால், அதற்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு சிறு சில்லு தனியாக உண்டு. காரின் சுருள் எழுப்பும் காந்தப்புலமே சில்லின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது; அந்தக் கடன் மின்சாரத்தில் அது தன் அடையாளத்தைச் சொல்கிறது. சில சென்டிமீட்டருக்குள் வைத்தால்தான் தூண்டல் போதிய அளவு நடக்கும். ஆகவேதான் தொட்டு வைக்க வேண்டியிருக்கிறது. காரின் பேட்டரியே இறங்கியிருந்தால் இதுவும் நடக்காது. அப்போது தகட்டுச் சாவி ஓட்டுநர் கதவை மட்டும் திறந்து பானெட் நெம்பு வரை வழிவிடும், அங்கிருந்து மேற்கொண்டு ஜம்ப் ஸ்டார்ட்தான்.

இந்தத் தகட்டை வெறும் பழங்காலத்து மிச்சம் என்று சொல்வது ஏன் தவறு என்பதற்கு நம்பகத்தன்மைக் கணிதத்தில் விடை இருக்கிறது. நூற்றில் ஒருமுறை தவறும் இரண்டு கருவிகளைச் சேர்த்து வைத்தால், இரண்டும் ஒன்றாகத் தவறுவது பத்தாயிரத்தில் ஒருமுறை என்று கணக்கிடுவோம். அந்தக் கணக்கு இரண்டும் வெவ்வேறு காரணங்களால் தவறினால் மட்டுமே செல்லும். ஒரே காரணம் இரண்டையும் சாய்க்குமானால், இரண்டு வைத்தும் ஒன்று வைத்ததாகவே பொருள். 2011 மார்ச் 11 அன்று ஃபுக்குஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் அவசர டீசல் ஜெனரேட்டர்கள் பல இருந்தன. பெரும்பாலானவற்றை ஒரே சுனாமி முடக்கியது. ஆறாம் உலைக்குரிய ஒரு ஜெனரேட்டர் உயரமான இடத்தில், கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிர்வதாக இருந்தது. அது தொடர்ந்து ஓடி, ஐந்தாம் ஆறாம் உலைகளைக் காத்தது. கார் வாங்கும்போது தரும் இரண்டாவது ஸ்மார்ட் சாவியை இந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் சாவியின் செல் தீர்ந்தால் மட்டுமே அது உதவும். காரின் பேட்டரிக்கும் காற்றின் இரைச்சலுக்கும் இரண்டு சாவிகளும் ஒன்றுதான். அலமாரியில் கிடக்கும் அந்தச் சாவியும் காரின் அழைப்புக்குக் காது கொடுத்தபடியே இருப்பதால், அதன் செல்லும் கூடவே மூப்படைகிறது. எண்ணிக்கையில் இரண்டு, காரணத்தில் ஒன்று. தகட்டுச் சாவி வேறு குலத்தைச் சேர்ந்தது. மின்சாரத்தைச் சாய்க்கும் எந்தக் காரணமும் அதைத் தொடாது.

உதவி எண்ணை அழைத்தால் ஆள் வந்து திறந்து கொடுப்பாரே என்று கேட்கலாம். சாதாரண நாளில் நியாயமான கேள்வி. ஆனால் சென்னையின் சோதனைகள் சாதாரண நாளில் வருவதில்லை. 2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரை கடந்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. நிறுத்தியிருந்த கார்கள் மூழ்கின. அதே நாட்களில் தென் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன, தெருக்களில் வாகனம் வர வழியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மறுபடி இதைக் கண்டோம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் மக்கள் தங்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் ஏற்றி வரிசையாக நிறுத்தியது, அனுபவம் தந்த அறிவு. வெள்ளம் காரின் மின்சாரத்தையும் வீட்டின் மின்சாரத்தையும் செல்போனையும் உதவிக்கு வருகிறவரின் வண்டியையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறது. ஃபுக்குஷிமாவில் பார்த்த அதே பொதுக்காரணம்தான். அந்த நாளில் உதவி எண் என்பது மாற்றுவழி ஆகாது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நீரில் நின்ற காரைத் தகட்டுச் சாவியால் திறந்து ஆவணங்களையும் மருந்தையும் எடுத்துக்கொள்ளலாம், ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப்போல் நீர் அமுங்காது என்பதால் எஞ்சினின் தண்டே வளையும்.

திருட்டைப் பற்றிய அச்சம் வலுவான ஆட்சேபம். துளை இருந்தால் கள்ளச்சாவி போடலாமே, துளையே இல்லாத கார்தான் பத்திரம் அல்லவா? சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 2011-இல் சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து கார்களைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் பக்கத்தில் ஓர் ஆன்டெனா, காரின் பக்கத்தில் இன்னொன்று. நடுவே சமிக்ஞையை அஞ்சல் செய்து, சாவி அருகில் இருப்பதாகவே காரை நம்பவைத்தார்கள். பத்தும் திறந்தன, பத்தும் ஓடின. பூட்டுத்துளையைத் தொடாமலே இது நடந்தது. மறுபக்கம், அமெரிக்காவில் 2021-க்குப் பிறகு சில ஹூண்டாய், கியா மாடல்கள் ஏராளமாகத் திருடப்பட்டன. அங்கே குறை அந்த மாடல்களில் இம்மொபிலைசர் என்னும் மின்னணுக் காவல் இல்லாதது. உள்ளே நுழையத் திருடர்கள் துளையைத் தேடவில்லை, கண்ணாடியை உடைத்தார்கள். காருக்குள் போவதும் காரை ஓட்டிப் போவதும் வெவ்வேறு காரியங்கள். ஸ்மார்ட் சாவியில் ஒளிந்த தகடு முதலாவதை மட்டுமே தரும். எஞ்சினை எழுப்ப அந்தச் சில்லின் அடையாளம் தேவை. கண்ணாடி இருக்கும் வரை, துளையை எடுத்துவிடுவதால் திருடனுக்கு அடையும் வழி ஒன்றுமில்லை, உரிமையாளருக்குத்தான் ஒரு வழி அடைகிறது.

செல்போனே சாவியாகிவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். சில போன்களில் சார்ஜ் தீர்ந்த பின்னும் சில மணி நேரம் சாவியாகப் பயன்படும் ஏற்பாடு உண்டு, பாராட்டத்தக்கதுதான். ஆனால் போன் சொல்வதைக் கேட்கக் கைப்பிடிக்குள் இருக்கும் கருவி விழித்திருக்க வேண்டுமே! அதற்கு மின்சாரம் காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. வாயை மாற்றினோம், செவிட்டுக் காதை அப்படியே விட்டோம். இதன் விளைவை இப்போது அரசுகளே கவனிக்கத் தொடங்கிவிட்டன. 2025 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2021-ஆம் ஆண்டின் டெஸ்லா மாடல் ஒய் கார்களை விசாரிக்கத் தொடங்கியது. பேட்டரி தளர்ந்து வெளிக் கைப்பிடி செயலிழந்ததால் பெற்றோர் வெளியிலும் குழந்தைகள் உள்ளேயும் மாட்டிக்கொண்டதாகப் புகார்கள். சிலர் கண்ணாடியை உடைக்க நேர்ந்தது. மின்சாரம் இல்லாமலும் திறக்கும் கைப்பிடியைக் கட்டாயமாக்கும் விதியை சீனா 2027 ஜனவரி 1 முதல் கொண்டுவருகிறது.

தகட்டுச் சாவிக்கும் ஓர் எல்லை உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. சாவியையே காருக்குள் வைத்துவிட்டுக் கதவு பூட்டிக்கொண்டால், தகடும் அதோடு உள்ளேதான் இருக்கும். உள்ளே குழந்தையும் இருந்துவிட்டால் யோசிக்க நேரமில்லை. 2005-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு, வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்வதையும், அதில் 80 சதவீதம் முதல் அரை மணிக்குள் ஏறிவிடுவதையும் அளந்து காட்டியது. நம் சித்திரை வெயிலில் அதன் பொருளை விளக்கத் தேவையில்லை. கையில் வேறு சாவி இல்லை என்றால் குழந்தை அமர்ந்திராத பக்கத்துக் கண்ணாடியை உடனே உடைக்க வேண்டும். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டாவது ஸ்மார்ட் சாவிக்குள்ளும் ஒரு தகடு உண்டு. அதை மட்டும் உருவி பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். வழியில் தொலைந்தாலும் காரை யாரும் ஓட்டிப் போக முடியாது.

என் மதிப்பில், உண்மையான குறை பூட்டில் இல்லை, ஒளித்து வைத்ததில் இருக்கிறது. கைப்பிடி அழகாக இருக்க வேண்டும் என்று துளையை மூடினார்கள். மூடியதால் உரிமையாளர் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததால் சாவியைச் சுழற்றவும் இல்லை. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் கடற்காற்று கொண்டுவரும் உப்பு, மூடிக்குப் பின்னால் ஈரத்தோடு தங்கி, ஸ்பிரிங்குகளையும் தகடுகளையும் அரிக்கிறது. தினமும் சுழலும் பூட்டில் உப்பு நிலைக்காது, வருடக்கணக்கில் சுழலாத பூட்டில் இறுகிவிடும். கடைசியில் தேவைப்படும் இரவில் மெல்லிய தகடு துளைக்குள்ளேயே முறியும். எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் நம் தெருத்தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். கிராஃபைட் தூள் போன்ற உலர்ந்த மசகு போதும். பழைய காராக வாங்கியவர்கள் நிலை இன்னும் கடினம், கையேடு அவர்கள் கைக்கு வருவதே அரிது. பயன்படுத்தத் தெரியாத அவசரக் கருவி பொறியியல் கணக்கில் இல்லாத கருவியே. எனவே தெரிந்திருத்தலையும் பூட்டின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் செய்கிறவர்களுக்கு இதைச் சரிசெய்வது பெரிய செலவல்ல: மூடியின்மேல் ஒரு சிறு சாவிக் குறி, டெலிவரி நாளில் மாலையும் இனிப்பும் கொடுக்கும்போது ஒரு நிமிடச் செய்முறை. நம் அரசும் எல்லாக் கார்களுக்கும் மின்சாரமின்றித் திறக்கும் வெளிவழியை விதியாக்க வேண்டும். அதுவரை பொறுப்பு உரிமையாளருடையது. ஐப்பசி மழை தொடங்கும் முன், பகல் வெளிச்சத்தில், ஒருமுறை தகட்டுச் சாவியை உருவிக் கதவைப் பூட்டித் திறந்து பாருங்கள். சாவி சுழலவில்லை என்றால் அடுத்த சர்வீஸில் அதைப் பழுது என்றே எழுதிக் கொடுத்துச் சரிசெய்து வாங்குங்கள்.